ஒரே உலை

ஒரு வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதுவதில் அப்படி என்ன கஷ்டம் இருந்துவிடும், நீங்களே சொல்லுங்கள்?

வனஜாவும் அப்படித்தான் நினைத்தாள். கள்ளிக்குப்பத்தில் முப்பத்தொன்பது வீடுகளைத் தடங்கல் இல்லாமல் முடித்தவள், நாற்பதாவது வீட்டில் மாட்டிக்கொண்டாள்.

வயல் வேலையை விட்டு அம்பத்தூர் ஃபேக்டரிகளுக்கு வந்த குடும்பங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று பார்த்தசாரதி சார் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல். வீடு வீடாகக் கேட்டு எழுத வனஜாவை வைத்திருந்தார். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் இந்தத் தெரு வந்தது. ஒரு வீட்டையும் விடக்கூடாது. ஒரு தாளில் கோணல் இருந்தாலும் தெருவையே தள்ளிவிட்டு வேறு சீட்டு எடுப்பேன் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஒன்றரை வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒன்றரை மாதமாக நடந்த நடை. அதைத் தண்ணீரில் விட அவள் தயாராக இல்லை.

வம்பு மூன்றாவது கேள்வியில் வந்தது. 'ஒரே உலையில் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்?' யார் எங்கே படுக்கிறார்கள் என்பது சாருக்கு முக்கியமில்லை. ஒரே உலைச் சோறு தின்றால் ஒரே குடும்பம்.

"ஏயு" என்றாள் கன்னியம்மா, கொஞ்சமும் யோசிக்காமல்.

பேர், வயசு எல்லாம் எழுத வேண்டும் என்று வனஜா சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. வாயைத்தானே எண்ணச் சொன்னே, பேரு இன்னாத்துக்கு என்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் சுசீலா வீடு. அவள் வீட்டுத் தாளை முந்தின நாளே எழுதியாகிவிட்டது. புருஷன் தேவராஜ் கம்பெனியில் ஃபிட்டர், மூன்று பிள்ளைகள், மாமியார், ஆறு வாய், மூன்று வேளையும் சமையல். கன்னியம்மா சொன்னதைக் கேட்டு வாசலில் நின்று சிரித்தவளும் அவள்தான்.

"ஏயா? அந்த ஊட்ல புருசன் பொண்டாட்டி ரெண்டே பேருதாம்மா. பொண்ணக் கட்டிக் குட்த்து வருசம் மூணாவுது. ரேசன் கார்டுல அரிசி ஜாஸ்தி தருவாங்கன்னு அளந்து உடுது."

தெருவில் யாரைக் கேட்டாலும் ரெண்டு என்றுதான் சொன்னார்கள். மறுநாள் வனஜா மறுபடி போய்க் கேட்டபோது கன்னியம்மாவும் ரெண்டு என்றாள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. இதற்கு ஏழே தேவலை என்று வனஜாவுக்குத் தோன்றியது.

அவளைப் போலவே சாருக்காக வேறு தெருவில் எழுதிக்கொண்டிருந்த மனோகரன், டீக்கடையில் உட்கார்ந்து 'ரெண்டு' என்று போட்டுவிட்டுப் போங்கள், சார் வந்து எண்ணவா போகிறார் என்றான்.

"டீக்கடையில உட்கார்ந்து எழுதறதுன்னா முதல் நாளே எழுதியிருக்கலாமேண்ணா. செருப்பாவது மிஞ்சியிருக்கும்" என்றாள் வனஜா.

ஊரில் கறவை மாடு வாங்கப் போகிறவன், எத்தனை படி கறக்கும் என்று விற்கிறவனைக் கேட்டுக்கொண்டா நிற்பான்? கறக்கிற நேரத்துக்குப் போய்ப் பக்கத்தில் குந்திக்கொள்வான். திங்கட்கிழமை சாரிடம் தாள்களைக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை, உலை கொதிக்கிற நேரம் பார்த்துக் கன்னியம்மா வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். தாள் பைக்குள்ளேயே இருந்தது. குழந்தையைக் கீழே விட்டு, அங்கே கிடந்த முருங்கைக்கீரையை உருவ ஆரம்பித்தாள்.

"இன்னா, இன்னிக்கும் வந்துட்ட?"

"வெயிலு தாங்கலைக்கா. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன்."

போ என்று சொல்லக் கன்னியம்மாவுக்கு வாய் வரவில்லை. குழந்தை கையில் ஒரு வெல்லக்கட்டியைக் கொடுத்தாள்.

அடுப்பில் இருந்த குண்டானைப் பார்த்து வனஜா அசந்துபோனாள். ரெண்டு பேருக்கு வைக்கிற குண்டான் இல்லை அது. கன்னியம்மா சாதம் வடித்தாள், குழம்பு இறக்கினாள். ஒரு கிண்ணத்தில் தனக்கும் புருஷன் அய்யாசாமிக்கும் எடுத்து வைத்துக்கொண்டு, மீதிச் சாதத்தையும் குழம்பையும் அப்படியே பின்பக்கம் சுசீலா வீட்டை ஒட்டிய குட்டைச் சுவர்மேல் தூக்கி வைத்தாள்.

"சுசீலா, இத்தக் கொஞ்சம் உப்புப் பாத்துச் சொல்லேன். என் நாக்கு செத்துக் கீது."

அந்தப் பக்கமிருந்து ரெண்டு கைகள் வந்து குண்டானை வாங்கிக்கொண்டன. அடுத்த நிமிஷம் எவர்சில்வர் தட்டு போடுகிற சத்தம். வனஜா தன்னையறியாமல் எண்ணினாள். ஐந்து தட்டு.

கொஞ்ச நேரம் கழித்துக் குண்டான் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது.

"உப்பு ஒரு கல்லு கம்மிக்கா" என்றது சுசீலாவின் குரல், முகத்தைக் காட்டாமல்.

"அதான பாத்தேன். நாளிக்குச் சரியாப் போடறேன்" என்றாள் கன்னியம்மா.

தட்டு ஐந்து, இங்கே ரெண்டு பேர். வனஜா எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுசீலா வீட்டுக்கு ஆறு வாய் என்று எழுதினேனே, அஞ்சு தட்டுதானே கேட்டது என்று மெல்லக் கேட்டாள்.

கன்னியம்மா சுவரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"கம்பெனி கதவ சாத்தி நாலு மாசம் ஆவுது. தேவராஜு பூந்தமல்லி பக்கம் கூலி வேலைக்குப் பூட்சி, ராத்திரிதான் வரும். சுசீலா அடுப்புல வெறுந்தண்ணிய வெச்சுப் பொகை காட்டிக்கினு கீது. ஒரே ஒலைன்னு நீ கேட்டியா, மொத நாளு உண்ம வாய்ல வந்துட்சி."

வனஜாவின் கை, பையில் தாளைத் தேடிப் பாதியில் நின்றது. கன்னியம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டுன்னே எய்திக்க கண்ணு. ஏயுன்னு எய்தினது அது காதுல உயுந்துட்சின்னா, நாளிலேந்து உப்புப் பாக்காது."