முயலுக்கு ஆகாத ரொட்டி

கூண்டுக்குள் வயிறு உப்பிக் கிடந்த வெள்ளை முயலைப் பார்த்ததும் ஜமீலுன்னிசாவுக்குக் கோபம் தலைக்கேறியது. பக்கத்திலேயே காய்ந்த ரொட்டித் துண்டுகள் வேறு!

“தேசம்மா! முயலுக்கு ரொட்டி ஆகவே ஆகாது, அருகம்புல்லும் முள்ளங்கிக் கீரையும்தான் போடணும், நடுவுலே கொஞ்சம் காரட்டுனு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? மயிலாப்பூர் மார்க்கெட்டையே சலிச்சு வாங்கிட்டு வர்றேனே, அதெல்லாம் எங்கே போகுது? உன் வீட்டுக்கா?”

வேலைக்காரி தேசம்மா துடைப்பத்தைக் கீழே போட்டாள். “இன்னாம்மா பேசுறே? மொயலு தீனியத் தூக்கிக்கினு போற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப் போவல!”

“பின்னே, முயலே ரொட்டி சுட்டுத் தின்னுச்சா? இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே!”

தேசம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு கிளம்பியபோது, சமையலறையிலிருந்து ஷாகிரா வெளியே வந்தாள். கணவன் ரங்கூனுக்குக் கப்பலேறிய நாளிலிருந்து மாமியாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மருமகள் அவள்.

“அவளைத் திட்டாதீங்க மாமி. கீரையையும் காரட்டையும் தின்னது நான். கூண்டுலே கிடக்கிறது, நீங்க எனக்கு எடுத்து வைக்கிற பழைய ரொட்டி. என்னாலே அதை மெல்ல முடியலே.”

ஜமீலுன்னிசாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “சீ, வாயில்லாத ஜீவனோட தீனியையா தின்னே? வேணும்னா என்கிட்டே கேட்கக் கூடாதா?”

“கேட்டேன் மாமி. முயலுக்குப் போட்டு மிஞ்சினா தர்றேன்னீங்க.”