அலசிய சேலை

1912 தை மாதம் திருநெல்வேலிக்கு வந்த நாடகக் கம்பெனியில் உள்ளூர்க்காரரான சிவசண்முகம் உடுப்புப் பொறுப்பாளர். கதாநாயகி தீக்குளிக்கும் காட்சிக்கான சேலையை டங்ஸ்டன் உப்புக் கரைத்த நீரில் நனைத்துக் காயவைத்திருந்தார். அப்படிச் செய்த துணி கருகுமே தவிர தீப்பிடித்து எரியாது. தண்ணீரில் அலசினால் உப்பு போய்விடும். இதை மனைவி உலகம்மாளிடம் சொல்ல மறந்துவிட்டார்.

அவள் விடிந்ததும் தாமிரபரணியில் சேலையை மூன்று முறை அலசி, அப்படியே ஒரு குடம் தண்ணீரும் எடுத்து வந்தாள். சிவசண்முகம் முந்தானையில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியைக் காட்டினார். நூல் குப்பென்று எரிந்தது. உப்பு முழுவதும் ஆற்றோடு போயிருந்தது.

மத்தியானம் பக்கத்து வீட்டு ஐயம்பெருமாள் ஈரவேட்டியோடு ஓடி வந்தார். தகப்பனாருக்குக் கொள்ளி வைக்கப் போனவர்.

“விறகெல்லாம் எரிஞ்சு சாம்பலாயிட்டு அண்ணாச்சி. அப்பா அப்படியே கெடக்காவ.”

“கொள்ளிக்குடத்துக்குத் தண்ணி எங்கவே எடுத்தீரு?”

“ஆத்துலதான். குளிப்பாட்டினதும் அதுலதான்.”

சிவசண்முகம் நிலைகொள்ளாமல் உப்பு வாங்கிய மருந்துக்கடைக்கு நடந்தார். கடைக்காரர் பாக்கியசீலன் சிரித்தார்.

“ஒரு படி உப்பு இம்புட்டு ஆத்துல என்னத்த செஞ்சிரும் அண்ணாச்சி? போயி வேலையப் பாருங்க.”

நியாயம்தான். வீட்டுக்கு வந்ததும் குடத்திலிருந்து இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார். பிறகு விளக்கேற்றத் தீக்குச்சியைக் கிழித்தார். திரி பற்றிக்கொண்டது. யோசனையில் குச்சியை அணைக்க மறந்துவிட்டார். அது விரல்வரை எரிந்து அங்கேயே அணைந்தது.

சுடவில்லை.

இன்னொரு குச்சியைக் கிழித்தார்.