மொழிபெயர்ப்பாளர் வந்த நாள்

"நீ வெளிய உட்காரு கண்ணு. இனிமே இது என் வேலை," என்று டாக்டரின் அறை வாசலில் நின்று கிரேக்க மொழியில் சொன்னாள் அந்தப் பெண்.

ஆரெத்தி நகரவில்லை.

மெல்போர்னுக்கு வந்ததிலிருந்து அம்மா எங்கே போனாலும் கூடப் போய்ப் பேசியது ஆரெத்திதான். வங்கியில், வீட்டுச் சொந்தக்காரரிடம், மின்சார அலுவலகத்தில். பதினோரு வயதில் அவள் ஏறாத படி இல்லை. பள்ளிக்கூடம் வந்த நாளைவிட வராத நாள்தான் அதிகம் என்று டீச்சர் திட்டுவார்.

வந்தவளின் பெயர் தெஸ்பினா. சட்டையில் ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளர் என்ற அடையாள அட்டை தொங்கியது. குடியேறி வந்தவர்கள் தங்கள் மொழியை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டியதில்லை என்று அரசாங்கம் முடிவெடுத்திருந்த காலம். ஆஸ்பத்திரிச் சுவரில் ஏழெட்டு மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தார்கள்: மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கேளுங்கள், இலவசம்.

அம்மா ஸ்தமாத்தியா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"எந்த ஊர்ப் பொண்ணு நீ?"

"கலமாட்டா ஊரும்மா."

"ஆலிவ் எண்ணெய் ஊரா? அதான் பேச்சு இப்படி வழுக்குது."

தெஸ்பினா சிரித்துவிட்டாள். இருவரும் டாக்டரின் அறைக்குள் போனார்கள். கதவு மூடிக்கொண்டது.

ஆரெத்தி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கோடை விடுமுறையில் இதே அறையில் டாக்டர் அவளிடம் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். கருப்பையில் கட்டி இருக்கிறது. ஆபரேஷன் செய்ய வேண்டும். தள்ளிப்போட்டால் ஆபத்து.

கருப்பைக்குக் கிரேக்கத்தில் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆபத்துக்கு என்ன சொல் என்று தெரியும். அதை அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"வாயுத் தொல்லையாம்மா. பூண்டைக் குறைக்கணுமாம்," என்றாள்.

அம்மா பூண்டைக் குறைத்தாள். பிஸ்கட் தொழிற்சாலைக்கு வழக்கம்போலப் போய்வந்தாள். அடுத்த முறை வந்தபோது, ஆபரேஷனுக்கு ஏன் இன்னும் சம்மதிக்கவில்லை என்று டாக்டர் கேட்டார். அம்மா யோசிக்கிறார் என்று ஆரெத்தி சொல்லிவிட்டாள். வலிக்கிறதா என்று கேட்டார். அதை மட்டும் சரியாக மொழிபெயர்த்தாள். வலி இல்லை என்று அம்மா தலையாட்டினாள்.

இப்போது கதவுக்குப் பின்னால் எல்லாம் தெரிந்துபோகும்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. சொற்கள் பிடிபடவில்லை. ஆனால் குரல் நிற்கவே இல்லை. டாக்டர் முன்னால் தலையாட்டுவதைத் தவிர எதுவும் தெரியாத அம்மா, கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் தெஸ்பினாவின் ஆங்கிலம். மறுபடி அம்மா. குரல் ஏறியது, உடைந்தது, அழுகையானது.

ஆரெத்தி காதுகளைப் பொத்திக்கொண்டாள்.

கதவு திறந்தபோது அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. தெஸ்பினா பெஞ்சின் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள்.

"அடுத்த வாரம் ஆபரேஷன் கண்ணு. கெட்ட கட்டி மாதிரி தெரியலைன்னு டாக்டர் சொல்றாரு. எடுத்துட்டா அம்மா நல்லாயிடுவாங்க. அன்னிக்கும் நான் கூட இருப்பேன்."

தெஸ்பினா போகும்வரை ஆரெத்தி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடக்க முடியவில்லை.

"அம்மா, அன்னிக்கு டாக்டர் வாயுன்னு சொல்லலை. நான்தான்..."

"தெரியும்டி," என்றாள் அம்மா. "அந்த மனுஷன் கால் மணி நேரம் பேசுறாரு. நீ பூண்டுங்கறே."

ஆரெத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப ஏம்மா என்னைக் கேக்கலை?"

அம்மா அவள் முகத்தில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

"கேட்டா அதை நீ உன் வாயாலதானேடி சொல்லணும்."