நகப்பூச்சுக் கோடு

மகளின் தண்ணீர் பாட்டிலில் இருந்த கோட்டை அவர் தேய்த்தே அழித்துவிட்டார்.

உதவி செய்யப் போன இடத்தில்தான். வீட்டு வேலையில் கைகொடுக்கலாம் என்ற ஞானம் அவருக்கு வருடத்தில் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை பிறக்கும். இன்று பிறந்துவிட்டது. கம்பி நாரை எடுத்துக் கண்ணாடி பாட்டிலைப் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் கறை அப்படியே இருந்தது, கோடு மட்டும் போயிற்று.

அது ஏதோ அழகுக்குப் போட்ட கோடு அல்ல. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்ட எட்டு வயதுப் பெண், ஒரு நாள் முழுக்க எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று அவள் அம்மா சிவப்பு நகப்பூச்சால் போட்ட எல்லை. தாண்டினால் முகம் வீங்கும், மூச்சு முட்டும். ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் அவள் முறை வருவதற்கு முன்பே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒருமுறை ஓடியிருக்கிறார்கள்.

மனைவி காய்கறி வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, அதே காயை மறுபடி அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். மகளுக்கு ஆகாத உப்பெல்லாம் அப்படித்தான் போகுமாம். ருசியும் கூடவே போகும்.

பாட்டிலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஆபீஸர் கைபட்டு எதுதான் உருப்பட்டிருக்கு?"

ஆபீஸர் என்பது வெறும் கிண்டல் இல்லை. அவர் எடையளவு ஆய்வாளர். ஊரில் உள்ள தராசுகளையும் பெட்ரோல் பங்க் குழாய்களையும் சோதித்து முத்திரை வைப்பது பிழைப்பு. குறைத்து அளக்கும் கடைக்காரனை நிற்கவைத்துப் பிரசங்கம் செய்வதில் அவருக்கு அலாதி சுகம். அபராதத்தை வேண்டுமானால் இரண்டு மடங்காகக் கட்டிவிடுகிறேன், பேச்சை மட்டும் நிறுத்துங்கள் என்று ஒரு பால்காரர் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்.

ஆகவே மானத்தைக் காப்பாற்றும் வழி கைவசமே இருந்தது. அலுவலகப் பையிலிருந்து முத்திரையிட்ட அளவுக் குடுவையை எடுத்தார். டாக்டர் சொன்ன அளவைத் துளி பிசகாமல் அளந்து பாட்டிலில் ஊற்றினார்.

கண்ணாடியில் பழைய கோட்டின் தடம் முடி போல ஒட்டிக்கொண்டிருந்தது.

தண்ணீர் அதைத் தாண்டி நின்றது. ஒரு விரற்கடை மேலே.

கொட்டிவிட்டு மறுபடி அளந்தார். மறுபடியும் அதே விரற்கடை.

ஊரையெல்லாம் அளந்தவர் வீட்டில் குறை அளவு. சாயங்காலமானால் காலி பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து, கடைசிச் சொட்டுக்காக அண்ணாந்து நிற்கும் பிள்ளை கண்முன் வந்தாள்.

கோடு போட்டது யார் என்றார். நான்தான் என்றாள். டாக்டர் சொன்ன அளவு மறந்துவிட்டதா என்றார். உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்றாள். பிறகு ஏன் என்றார். அவள் அடுப்பைத் துடைத்தாள்.

அவருக்கு யாருமே நேராகப் பதில் சொல்வதில்லை. எதைச் சொன்னாலும் சிரிப்பாக்கிவிடுவார் என்று பெயர் வாங்கி வைத்திருந்தார். மாற்றுச் சிறுநீரகம் எப்போது கிடைக்கும் என்று கேட்டால் டாக்டர் பார்க்கலாம் என்பார். பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்பார் இவர். இருவரும் சிரிப்பார்கள். வெளியே வந்து வண்டிச் சாவியைக் கொஞ்ச நேரம் தேடுவார், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு.

அதே டாக்டர், மகளின் எடையைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவின் கணக்கு கச்சிதம் என்று மெச்சுவார். இதுதான் அந்தக் கச்சிதமா?

பிரசங்கம் தொடங்கியது. கடைக்காரர்களுக்குச் சொல்வது அத்தனையும் வந்தது. கூடவே, பெற்ற பிள்ளையின் தண்ணீரில் கைவைக்கிறவளும் ஒரு தாயா என்று புதிதாக ஒன்றும் வந்தது.

சாப்பாட்டு மேசையில் படம் வரைந்துகொண்டிருந்த மகள் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டாள். வானத்தில் ஒரே இடத்துக்கு நீலம் அடித்தாள், தாள் கிழிகிற அளவுக்கு.

அவள் வரைந்த பழைய படம் ஒன்று பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. அதில் அம்மாவுக்குப் போலீஸ் தொப்பி. அப்பாவுக்குக் கிரீடம். அந்தப் பிரிட்ஜில் ஐஸ் தட்டு மட்டும் அப்பாவின் பொறுப்பு. எலுமிச்சைச் சாற்றுக்கு என்று சொல்லி நிரப்பி வைப்பார். வீட்டில் அவர் மறக்காமல் செய்யும் ஒரே வேலை.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். அலமாரியிலிருந்து நகப்பூச்சை எடுத்துவந்தாள். பாட்டிலைத் திருப்பி, அந்தப் பழைய தடத்தின் மேலேயே கோட்டை இழுத்தாள். மேலே நின்ற தண்ணீரைத் தொட்டியில் சாய்த்தாள்.

இப்போதாவது வாயைத் திறந்து சொல்லித் தொலை என்றார். இந்த முறை குரலில் ஆய்வாளர் இல்லை.

அவள் கோடு காய ஊதினாள். மகள் இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தணித்தாள்.

"எனக்குத் தெரியாம நீங்க அவ வாயில போடுற ஐஸுக்கு இடம் விட்டிருக்கேன். தட்டு காலியா கிடக்கு, நிரப்பி வைங்க."