பெருச்சாளி சொன்ன பத்து நாள்

நிறைமாதச் சுண்டெலி ஒன்று, மழைக்கு முன் மேட்டில் வளை தோண்டித் தரும்படி பெருச்சாளியிடம் கேட்டது.

“கல்லுத் தரை. ஒரு மாசம் ஆகும், தாயி.”

“தவளைக்குப் பத்தே நாளில் தோண்டினீங்களே, அண்ணே! எனக்கு மட்டும் மாசமா?”

அது மணல் என்று சொல்ல வந்த பெருச்சாளி, சுண்டெலியின் கண் கலங்கியதும், “சரி, பத்து நாள்” என்றது. அதை நம்பிச் சுண்டெலி வேறு இடம் தேடவில்லை.

பத்தாம் நாள் பாதி வளைதான் ஆகியிருந்தது. சுண்டெலி இன்னும் மூன்று பெருச்சாளிகளைக் கூட்டிவந்தது. உள்ளே ஒன்றுதான் நுழைய முடியும். மற்றவை, “எதுவரை வந்திருக்கு?” என்று ஓயாமல் கேட்டன. உள்ளே தோண்டிய பெருச்சாளி ஒவ்வொரு முறையும் வேலையை விட்டு வெளியே வந்து பதில் சொன்னது.

குட்டிகள் பிறந்த அன்றே மழை கொட்டியது. நனைந்த குட்டிகளை அணைத்தபடி, “இன்னும் எவ்வளவு, அண்ணே?” என்றது சுண்டெலி.

குட்டிகளில் ஒன்றுதான் அசைந்தது.

“ரெண்டே நாள், தாயி” என்றது பெருச்சாளி.