லீலாபாய் நினைவுப் பந்தல்

ராஜப்பன் தன் மனைவி லீலாபாயைக் கடைசியாக உயிரோடு பார்த்தது, தண்ணீர் போத்தலுக்காக அவளோடு சண்டை பிடித்த காலையில்.

“ஏட்டி, தண்ணிய ஊரு சுத்திக் காட்டவா கொண்டு போற? இண்ணைக்கும் நெறஞ்ச போத்தலோட வந்தா வீட்டுல கேற விடமாட்டேன்.”

“அப்ப முற்றத்திலயே கெடக்கேன்,” என்று சிரித்துவிட்டு, மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனாள்.

பஞ்சாயத்தின் தொழிலுறப்பு வேலை, அதாவது நூறு நாள் வேலை. கால்வாய் சுத்தம் செய்ய வேண்டும். உச்சி வெயிலில் சுருண்டு விழுந்தாள். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன ஆட்டோ பாறசாலை தாண்டுமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

போத்தல் வீட்டுக்கு வந்தது. நிறைந்தபடியே.

அடுத்த வாரம் பஞ்சாயத்து ஹாலில் வெயில் பாதுகாப்புக் கூட்டம். மின்விசிறிக்கு அடியில் நின்று அதிகாரி சத்தம் போட்டார்.

“தண்ணி கையில உண்டு. குடிக்கல்ல! எவ்வளவு சொன்னாலும் இந்தச் சனங்களுக்கு விவரம் இல்ல.”

“உள்ளதுதான் சாரே. அவ பிடிவாதக்காரியாக்கும்,” என்றார் ராஜப்பன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

லீலாபாயோடு வேலை செய்த ஸ்ரீகுமாரி பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“மிண்டாம இரும் அண்ணே. குடிச்சா ஒண்ணுக்கு எங்க போவா? ஒரு பக்கம் ரோடு, மறுபக்கம் வேலி. சாயங்காலம் வரை ஒதுங்க ஒரு மறைவு உண்டா? எங்க எல்லாருக்க போத்தலும் நெறஞ்சுதான் வீட்டுக்குப் போவுது. ஆம்பளைக்கு ஒரு தென்னை மூடு போதும். உம்மகிட்ட சொல்ல அக்காவுக்கு வெக்கம்.”

ராஜப்பன் அவளைத் திரும்பிப் பார்த்தார். எழுந்தார்.

“சாரே, எனக்கு ஒண்ணும் வேண்டாம். அந்தக் கால்வாய்க் கரையில பெண்ணுங்களுக்கு ஒரு கக்கூஸ் கெட்டித் தாருங்க.”

“லீலாபாயை இந்த ஊர் மறக்காது!” என்றார் வார்டு மெம்பர். ஹாலே கைதட்டியது.

மாதம் முடியுமுன் கால்வாய்க் கரையில் ‘லீலாபாய் நினைவுத் தண்ணீர்ப் பந்தல்’ எழும்பியது. ரிப்பன் வெட்டிய மெம்பர், முதல் டம்ளரை ராஜப்பனிடம் நீட்டினார்.

“கக்கூஸ்?”

“சேச்சி விழுந்த எடத்தில கக்கூஸா? அவங்க பேருக்கு ஒரு மரியாதை வேண்டாமா அண்ணே?”

ராஜப்பன் டம்ளரை ஸ்ரீகுமாரியிடம் கொடுத்தார். அவள் ரோட்டை ஒருமுறை பார்த்தாள். உதட்டை மட்டும் நனைத்துவிட்டு, மீதியை மண்ணில் ஊற்றினாள்.

பந்தல் இன்றும் இருக்கிறது. ஆண்கள் மட்டும் அங்கே தண்ணீர் குடிக்கிறார்கள்.