கயிறு இழுப்பவனின் முகம்

பெரிய வெள்ளி ஊர்வலம் நியூரம்பெர்க் கோட்டை வாசலைத் தாண்டி, கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பாதையில் இந்தக் கல்தூணருகே வந்து நிற்கிறது. மழையில் கறுத்த மணற்கல்லில், சாய்ந்த வெயில் படும் இடம் மட்டும் தேன் நிறமாக இருக்கிறது. செதுக்கிய கூட்டத்தின் நடுவே இயேசு சிலுவையோடு குனிந்திருக்கிறார். வெரோனிக்கா அவர் முகத்தைத் துடைக்கத் துணியை நீட்டுகிறாள். அவரைக் கயிற்றால் இழுக்கும் சேவகன் பல்லிளிக்கிறான். அவன் முகத்தில் துப்பிவிட்டுத்தான் எங்கள் ஊரார் நகர்வார்கள். அந்த முகம் ரொட்டி சுட்ட லின்ஹார்ட்டுடையது. சிற்பி கேட்டாரென்று சிரித்துக்கொண்டே போய் முகம் காட்டி உட்கார்ந்தவர், போன குளிர்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். இப்போது அவர் மனைவி வால்பர்காவின் முறை. செபம் தானாக நின்றுவிடுகிறது. மெழுகுவர்த்திகள் படபடக்கின்றன.

"துப்பிட்டு வாடி, வெறுங் கல்லுதானே," என்று கிசுகிசுக்கிறாள், தன் முறை முடிந்து ஒதுங்கி நிற்கும் பக்கத்து வீட்டு அப்பொலோனியா.

"வெறுங் கல்லுன்னா நீ எதுக்குடி ரெண்டு தடவ துப்புன?"

வால்பர்கா தலைத்துணியை அவிழ்க்கிறாள். நரைத்த முடி எல்லோர் முன்னும் காற்றில் பறக்கிறது. அந்தத் துணியால் கல்முகத்தின் கன்னத்தில் வழியும் எச்சிலைத் துடைக்கிறாள். பிறகு மூக்கோரம், பல்லிடுக்கு. அடுப்படியிலிருந்து வந்தவரின் மாவு படிந்த முகத்தைத் துடைத்துப் பழகிய கை அது.

"அம்மா, யாருக்குத் துடைக்கிறீங்கன்னு தெரியுதா?" என்கிறார் பங்குச்சாமியார்.

"ஆண்டவருக்குத் துடைக்க அந்தம்மா இருக்காங்க சாமி. இவருக்கு யாரு இருக்கா?"

அடுத்து நிற்கும் செருப்புத் தைப்பவர், வாயில் சேர்த்து வைத்திருந்த எச்சிலை மெல்ல விழுங்குகிறார்.